வழங்கப்படும்

தேர்தல் அறிக்கையை யாரும் ஒரு பிரதியாக எடுத்து வைத்து வாசிப்பதில்லை. சினிமாவில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள், நாவலில் எப்படி எழுதப்படுகிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதும் நாம்கூட, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நம்மை விளித்தே எழுதப்படும் இந்த எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாசல் கம்பியில் செருகிவிட்டுப் போகும் துண்டறிக்கை கோலமாவுப் பொட்டலம் கட்டப் போய்விடுகிறது. ஒருமுறையாவது நிதானமாக வாசித்துப் பாருங்கள். அந்த எழுத்தை ஆளும் சொல் ஒன்றே ஒன்று: வழங்கப்படும்.

குடும்பத் தலைவிகளுக்கு வழங்கப்படும். மாணவிகளுக்கு வழங்கப்படும். மகளிர் குழுக்களுக்கு வழங்கப்படும். பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று படித்தோமே, அதுதான். செய்வினையில் எழுத வேண்டுமென்றால் எழுவாய் வேண்டும். ‘நான் வழங்குவேன்’ என்று எழுதியவர் வழங்காவிட்டால் அவர் சட்டையைப் பிடிக்கலாம். ‘வழங்கப்படும்’ என்பதில் பிடிப்பதற்குச் சட்டையே இல்லை. யார் தருவார், எப்போது தருவார், எந்தப் பணத்திலிருந்து தருவார் என்ற மூன்றையும் அந்த ஒரு விகுதி விழுங்கிவிடுகிறது. வாக்கியத்தில் எஞ்சி நிற்பவள் வாங்கிக்கொள்பவள் மட்டும்தான்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல் வரும்: வலியுறுத்தப்படும். அது பெரிய விஷயங்களுக்கானது. மாநில அந்தஸ்து, கடன் தள்ளுபடி, மத்திய அரசின் கூடுதல் நிதி. வழங்கப்படும் என்பது பெண்களுக்கு, வலியுறுத்தப்படும் என்பது ஊருக்கு என்று எழுதப்படாத ஒரு விதி இருப்பதுபோல் தோன்றும். நடக்கவே முடியாத வாக்குறுதிகளை அரசியல்வாதிகள் ஏன் தருகிறார்கள், தெரிந்தும் மக்கள் ஏன் அவர்களுக்கே ஓட்டுப் போடுகிறார்கள் என்ற பழைய கேள்விக்கான பதிலின் பாதி இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்பவரின் மனதில் ‘மக்கள்’ என்றால் யார் முகம் வருகிறது? டீக்கடையிலும் சரி, தொலைக்காட்சி விவாதத்திலும் சரி, “தெரிஞ்சே போடுறாங்களே” என்பதில் வரும் அந்த ‘ங்க’ பெரும்பாலும் ஒரு பெண். மிக்சிக்கு ஓட்டுப் போட்டவள். ஆயிரம் ரூபாய்க்கு ஓட்டுப் போட்டவள். தமிழ்நாட்டில் 2006 இல் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொன்னது. 2011 இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றது. இவற்றை எதிர்த்துச் சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பானது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனால் அறிக்கைகளுக்குத் தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே நடத்தை விதிகளில் ஒரு பகுதி சேர்ந்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் வரும் வழியையும் பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்கிறது அது. நம் வாசலில் வந்து விழுந்த எந்த அறிக்கையிலாவது பணம் வரும் வழி எழுதியிருந்து வாசித்ததாக உங்களுக்கு நினைவிருக்கிறதா?

வழக்கின் சட்ட நுணுக்கத்தைவிட என்னை உறுத்துவது வழக்குக்குப் போன பொருள்களின் பட்டியல். ஆட்டுக்கல்லுக்கும் அம்மிக்கும் மாற்றாக வந்த பொருள்கள் நீதிமன்றப் படியேறின. வேலைவாய்ப்பு தருவோம் என்று சொல்லித் தராதவர்களை எதிர்த்து அப்படி ஒரு வழக்கு பேர் வாங்கவில்லை. 2022 ஜூலையில் பிரதமர் மோடி ‘ரேவடி’ என்ற இந்திச் சொல்லால் இலவசங்களைக் கேலி செய்தார். ரேவடி என்பது எள்ளும் வெல்லமும் சேர்ந்த மிட்டாய். ஆறு மாதம் கழித்து, 2023 ஜனவரியில், அவர் கட்சி பங்கேற்கும் புதுச்சேரிக் கூட்டணி அரசே குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. மிட்டாய் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அதன் பெயர் மாறும்போல.

2021 தேர்தலுக்கு வருவோம். புதுச்சேரிக்கான பா.ஜ.க. தேர்தல் அறிக்கையை நிர்மலா சீதாராமன் வெளியிட்டார். இரண்டரை லட்சம் புதிய வேலைவாய்ப்புகள் என்றது அது. கூடவே கல்லூரி மாணவிகளுக்கு ஸ்கூட்டி, பெண்களுக்கு இலவசப் பேருந்துப் பயணம். அந்தத் தேர்தலில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கையும் சேர்த்து வாக்காளர் எண்ணிக்கை சுமார் 10 லட்சம். ஆக, பாட்டி தாத்தா உட்பட நாலு வாக்காளருக்கு ஒரு புது வேலை. கடலூர் சாலையில் ரோடியர் மில் என்று எல்லோரும் சொல்லும் ஏ.எஃப்.டி. பஞ்சாலையை மூடி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. 1898 இல் தொடங்கிய ஆலை 2020 ஏப்ரல் 30 உடன் முடிந்தது. இந்த அறிக்கையில் எது நடக்காத வாக்குறுதி என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். எது ‘இலவசக் கலாச்சாரம்’ என்று கேட்டால் மட்டும் எல்லார் விரலும் ஸ்கூட்டியைக் காட்டும்.

மாநில அந்தஸ்து வாக்குறுதியின் கதை வேறு. அதை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டேன். சட்டமன்றம் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டிருக்கிறது. காங்கிரஸ் ஆட்சியிலும் போட்டார்கள், என்.ஆர். காங்கிரஸ் ஆட்சியிலும் போட்டார்கள். கொடுக்க வேண்டியது நாடாளுமன்றம். அதைத் தருவதாகச் சொல்பவர் கையில் அது இல்லை, கேட்பவர்களுக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருப்பது உண்மையான குறை. 1963 ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசச் சட்டத்தின்கீழ் இங்கே நாம் தேர்ந்தெடுப்பது 30 பேரை. மத்திய அரசு நியமிப்பது 3 பேரை. கோப்பு கடைசியில் போய் நிற்பது துணைநிலை ஆளுநரின் மேசையில். புதுச்சேரியைப் பொறுத்தவரை ‘வழங்கப்படும்’ என்ற எழுவாய் இல்லாத வாக்கியம் ஒருவகையில் நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம். இங்கே எழுவாயாக நிற்கும் அதிகாரம் யாருக்கும் முழுதாக இல்லை. வாக்குறுதி தருபவருக்கு இது மிக வசதி. எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நடக்காதபோது “கோப்பு ஆளுநர்கிட்ட நிக்குது” என்று சொல்லிவிடலாம். சில சமயம் அது உண்மையாகவும் இருந்துவிடும்.

அரிசியில் நடந்தது அதுதான்.

சிவப்பு கார்டுக்கு 20 கிலோ, மஞ்சள் கார்டுக்கு 10 கிலோ என்று இலவச அரிசி கொடுத்துக்கொண்டிருந்த ஊர் இது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தரும் தானியத்துக்குப் பதில் பணத்தை வங்கிக் கணக்கில் போடும் சோதனையைச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. சிறிய ஊர், சத்தம் வெளியே கேட்காது. பிறகு மாநிலத்தின் சொந்த அரிசிக்கும் அதே கதி வந்தது. நாராயணசாமி அரசு அரிசிதான் வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான் என்றார். டெல்லி ஆளுநர் பக்கம் நின்றது. சிவப்பு கார்டுக்கு 600 ரூபாய், மஞ்சள் கார்டுக்கு 300 ரூபாய். கிலோ 30 ரூபாய் என்று கணக்கு. கிலோ 30 ரூபாய்க்கு வாங்கிய அரிசியில் பொங்கிய சோற்றை அந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஒருவேளையாவது சாப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பணத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசியில் புழு இருந்தது, நாற்றம் இருந்தது. மூட்டை மூட்டையாகக் கடத்தப்பட்டது. கடை எப்போது திறக்கும் என்று தெரியாமல் அரை நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றவர்கள் பெண்கள்தான். பணமாக வந்தால் பிடித்த அரிசியை வாங்கலாம் என்று விரும்பிய பெண்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பணம் யாருடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வங்கியில் பழைய கடனுக்குப் பிடித்துக்கொண்டது போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் கொஞ்சம் எடுத்து வைக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அரிசியை யாரும் குடித்துவிட முடியாது என்பதை முத்தியால்பேட்டையிலிருந்து பாகூர் வரை எந்தத் தெருவிலும் ஒரு பெண் சொல்லிக் கேட்கலாம். பொருளாதார வல்லுநர்கள் ‘தேர்வுச் சுதந்திரம்’ என்று சொன்னபோது இந்த ஒரு வாக்கியத்துக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

கிரண் பேடி செய்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2018 ஏப்ரல் கடைசியில், திறந்தவெளியில் மலம் கழிப்பதும் குப்பையும் இல்லாத கிராமம் என்று சான்றிதழ் வாங்கும் ஊருக்குத்தான் இலவச அரிசி என்று அறிவித்தார். ஒரு மாதம் கெடு. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே பின்வாங்கினார். அரிசி நிற்கவில்லை என்பதால் அது மறந்துபோயிற்று. ஆனால் அந்த அறிவிப்பு வாக்குறுதியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டியது: உனக்கு உரியது என்று நீ நினைப்பது உன் நடத்தையைப் பொறுத்தது. தெருவைக் கூட்டுவது யார், வீட்டில் கழிப்பறை இல்லாவிட்டால் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருப்பது யார் என்று அந்த அறிவிப்பை எழுதியவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அதிகாரத்தில் ஒரு பெண் இருந்தால் போதும் என்று நம்மில் சிலர் இன்னும் பேசுகிறார்கள்.

பணம் வந்ததோடு கடைகள் செத்தன. ஆண்டுக்கணக்கில் பூட்டு. ஊழியர்கள் சம்பளம் கேட்டுப் போராடினார்கள். பூட்டிய கடையோடு சேர்ந்து போனது அரிசி மட்டும் இல்லை. எடை குறைந்தால் அங்கேயே சண்டை போடலாம். நாலு பேர் சேர்ந்து கத்தலாம். கத்துவதற்கு எதிரே ஒரு ஆள் இருந்தார். வங்கிக் கணக்கில் பணம் ஏறாவிட்டால் யாரிடம் கத்துவது? அரசாங்கம் நம் தெருவில் ஒரு கதவு வைத்திருந்தது, அந்தக் கதவு மூடப்பட்டது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் இந்தக் கணக்கு திரும்பி வந்தது. அப்போதைய உள்துறை அமைச்சர் நமச்சிவாயம் பா.ஜ.க. வேட்பாளர். ஓட்டுக் கேட்டு ஆளும் கூட்டணியினர் போன இடங்களில் பெண்கள் திருப்பிக் கேட்டது ஒன்றைத்தான். “ரேஷன் கடைய எப்ப தம்பி தொறக்கப் போறீங்க?” காங்கிரசின் வைத்திலிங்கம் ஏறக்குறைய ஒரு லட்சத்து 36 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ரேஷன் கடை ஒன்றினால்தான் தோற்றார்கள் என்று சொல்வது மிகை. மின்துறையைத் தனியாருக்குக் கொடுக்கும் விவகாரம் இருந்தது, வேறு பலவும் இருந்தன. ஆனால் தோற்ற பிறகு ஆளும் தரப்பு முதலில் கையை வைத்தது எதில்? அந்தத் தீபாவளிக்கு முன்னால் கடைகள் திறந்தன. கார்டுக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை.

இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பழைய கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்கள். வாக்குறுதிக்கு மயங்குகிறாள் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவள் ஒரு வாக்குறுதியை ஆண்டுக்கணக்காக நினைவில் வைத்திருந்து, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, வாங்கியிருக்கிறாள். இரண்டரை லட்சம் வேலை என்ன ஆயிற்று என்று படித்த நாம் யாரும் தெருவில் நிறுத்திக் கேட்கவில்லை.

பெண்கள் பெரிய தொகைக்கு விழுவார்கள் என்பது உண்மையாக இருந்தால் 2021 இல் தமிழ்நாட்டில் என்ன நடந்திருக்க வேண்டும்? மார்ச் 7 அன்று திருச்சியில் ஸ்டாலின் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 என்றார். மறுநாள், மகளிர் தினத்தன்று, எடப்பாடி பழனிசாமி 1,500 என்றார், வருடத்துக்கு ஆறு சிலிண்டர் என்றார். அடுத்த வாரம் வந்த அ.தி.மு.க. அறிக்கையில் வாஷிங் மெஷினும் இருந்தது. அப்பட்டமான ஏலம். வென்றது குறைவாகக் கேட்ட கட்சி. தேர்தல் முடிவை ஏலத்தொகை தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அந்த 1,000 கூட உடனே வரவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கும்போது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரிசையாக நிபந்தனைகள். ‘எல்லாக் குடும்பத் தலைவிக்கும்’ என்று காதில் விழுந்தது ‘தகுதியுள்ள’ என்று சுருங்கி, ஒரு கோடியே ஆறு லட்சம் பேரில் நின்றது. தேர்தலன்று ஓட்டுப் போட்ட பல பெண்கள் இந்தச் சுருக்கத்தை எதிர்பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். காய்கறிக்காரர் சொல்லும் முதல் விலையை யாராவது நம்புகிறோமா? அதிலிருந்து எவ்வளவு இறங்குவார் என்பது நமக்குத் தெரியும். சொன்ன விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பதற்குப் பெண்களுக்குத் தினசரிப் பயிற்சி இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1967 இல் அரிசிப் பஞ்சத்தின் நடுவே தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. அண்ணா அதை ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று பிரித்தார். வாக்குறுதிக்குள்ளேயே தள்ளுபடியையும் சொல்லிவிட்ட முழக்கம் அது. ஆட்சிக்கு வந்ததும் அந்த ஒரு படியும் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே சாத்தியமானது, அதுவும் நிலைக்கவில்லை. ஆனாலும் 1971 இல் தி.மு.க. முன்னைவிடப் பெரிய வெற்றி பெற்றது. ஏமாந்தார்கள் என்று இதை வாசிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பாட்டிமார் தலைமுறை லட்சியம் என்ற பத்தியையும் நிச்சயம் என்ற பத்தியையும் தனித்தனியாகக் கேட்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். ரேஷன் என்பது அரசு தர வேண்டிய ஒன்று என்ற எண்ணம் அவர்களுக்குள் ஊன்றியதும் அந்தக் காலத்தில்தான். நடக்காத மூன்று படியிலிருந்துதான் பின்னால் வந்த ஒவ்வொரு அரசும் தப்பிக்க முடியாத அரிசி வந்தது.

இத்தனை சொன்ன பிறகு, அந்த ஆயிரம் ரூபாயைக் கொண்டாட முடியுமா என்றால், என்னால் முடியவில்லை.

தமிழ்நாட்டில் அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தார்கள். பெயரளவிலாவது அது பெரிய விஷயம். வீட்டுவேலைக்குக் கூலி என்று 1972 இல் இத்தாலியில் மரியரோசா தலா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெதரிச்சி போன்றோர் எழுப்பிய குரலின் தூரத்து எதிரொலி அதில் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தேர்தல் பேச்சுக்கு அதைக் கொண்டுவந்தது 2020 டிசம்பரில் கமல்ஹாசனின் கட்சி. புதுச்சேரியில் அது நிதியுதவி. வறுமைக் கோட்டுக்குக் கீழே, 21 வயதிலிருந்து 55 வயதுக்குள், அரசின் வேறு எந்த மாத உதவியும் பெறாதவர். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். விதவை உதவித்தொகை வாங்குகிறவள், உண்மையிலேயே ஒற்றை ஆளாகக் குடும்பத்தை நடத்துகிறவள், இந்தக் கணக்கில் குடும்பத் தலைவி இல்லை. கணவன் இருக்கும் பெண்தான் தலைவி. உணவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்கு மேற்பட்ட மூத்த பெண்ணையே ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவராகக் கொள்ள வேண்டும் என்று 2013 இலேயே சொல்லிவிட்டது. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

‘தலைவி’ என்ற சொல் எப்படி வந்து சேர்ந்தது பாருங்கள். படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் எதுவும் எழுத முடியாதவளுக்குக் கொடுக்கும் மரியாதைப் பட்டம் அது. 2019 ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சம்பளமில்லாத அந்த வேலைக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதம் 150 மணி நேரம். ஆயிரம் ரூபாயை அதனால் வகுத்தால் மணிக்கு ஆறு ரூபாய் 67 காசு. 2025 பட்ஜெட்டில் ரங்கசாமி அறிவித்த 2,500 ரூபாயாக வைத்துக்கொண்டாலும் மணிக்கு 17 ரூபாய் வராது. இதைக் கூலி என்று சொன்னால் அசிங்கமாகிவிடும் என்பதால்தான் உதவி என்கிறார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டுப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடி, 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு பேர் பிரெஞ்சுக் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியாகி, மறு ஆண்டே சட்டமாக வாங்கிய ஊர் இது. அந்த எட்டு மணி நேரத்தை யாரும் ‘வழங்கப்படும்’ என்று எழுதவில்லை. அடுக்களைக்கு மட்டும் இன்றுவரை மணிக்கணக்கு கிடையாது.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி எங்கே போய்ச் சேரும் என்பதும் தெரியும். கலால் வரி இந்த அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் தடையான சாராயக் கடை இங்கே சட்டப்படி நடக்கிறது. தமிழ்நாட்டில் 2016 தேர்தலில் மதுவிலக்கு வாக்குறுதியை தி.மு.க.வும் தந்தது, ஜெயலலிதாவும் படிப்படியாக என்று தந்தார். பதவியேற்றதும் 500 கடைகளை மூட உத்தரவிட்டார். புதுச்சேரியில் எந்தப் பெரிய கட்சியும் அப்படிப் பேசாது. நடக்காத வாக்குறுதியைத் தர அஞ்சாதவர்கள், நடந்துவிடக்கூடிய வாக்குறுதி என்றால் அஞ்சுகிறார்கள்.

ஆகவே ‘ஏன் வாக்குறுதியை நம்புகிறாள்’ என்பதைவிட, ‘வாக்குறுதியைத் தவிர அவளுக்கு வேறு எந்த வாசல் திறந்திருக்கிறது’ என்று கேட்பது உபயோகம். பிரெஞ்சு ஆட்சியில் இங்குள்ள ஆண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓட்டுப் போட்டார்கள். பெண்களுக்கு அது இரண்டாம் உலகப் போர் முடியும்வரை இல்லை. இன்று வாக்காளர்களில் பெண்களே அதிகம். 2021 இல் ஐந்து லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். அவர்களும் ஆண்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்த 30 பேரில் பெண் ஒருவர், நெடுங்காட்டின் சந்திர பிரியங்கா. 1980களின் தொடக்கத்தில் ரேணுகா அப்பாதுரை அமைச்சராக இருந்த பிறகு, நாற்பது ஆண்டு கழித்து வந்த பெண் அமைச்சர் அவர். தலித் பெண். 2023 அக்டோபரில், சாதிப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதிப் பதவி விலகினார். அவரை நீக்க முதல்வர் முன்பே பரிந்துரைத்துவிட்டார் என்றது ஆளுநர் தரப்பு. எப்படியோ, அமைச்சரவையில் மறுபடி பெண் இல்லை.

சட்டமன்றம் தூரம் என்றால் பக்கத்தில் இருக்க வேண்டியது உள்ளாட்சி. புதுச்சேரியில் 1968 க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006 இல். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி. மூன்றில் ஒரு பங்கு இடத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2011 இல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தலை 2021 இல் அறிவித்து, இடஒதுக்கீட்டுக் குழப்பத்தில் நிறுத்தினார்கள். அன்று நாற்பது வயதில் வார்டு உறுப்பினராக இருந்தவர்கள் இன்று முதியோர் உதவித்தொகை வயதைத் தாண்டிவிட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால், சாக்கடை அடைத்தால், பெண்கள் போய்க் கேட்க வார்டில் ஒரு பெண் இல்லை. எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். கேட்பதற்கு ஐந்து ஆண்டில் ஒரு மாதம்தான் கிடைக்கிறது என்றால், அந்த ஒரு மாதத்தில் சந்தை சூடாகத்தான் இருக்கும். எல்லோரும் கூவத்தான் செய்வார்கள்.

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று அரசியலமைப்பையே திருத்தியது. டிசம்பரில் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கும் அதை நீட்டித்துத் தனிச் சட்டம் வந்தது. 30 இடத்தில் 10 இடம். இனிப்பு கொடுத்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். மிக்சி வாக்குறுதியைக் கேலி செய்தவர்கள் யாரும் இதைக் கேலி செய்யவில்லை. சட்டம் நிறைவேறிய பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் புள்ளிவிவரம், அதை வைத்துத் தொகுதி மறுவரையறை, அதற்கும் பிறகு நடைமுறை என்று அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. வருடம் குறிப்பிடவில்லை. இட ஒதுக்கீடு பதினைந்து ஆண்டுகளில் காலாவதியாகும் என்பதை மட்டும் எண்ணால் சொல்லியிருக்கிறார்கள்.